ஹட்டன் கூரைச்சந்தில் பெண் பார்க்கப் போனது

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வதற்காகக் கடல் தாண்டிப் போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். போனிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்பீர்கள். சொன்னேன். மூன்று மாதம் சொன்னேன். எங்கள் பையன் பிரபு கத்தாரில் ஒரு ஓட்டலில் வேலை பார்க்கிறான். அதே ஓட்டலில் வேலை பார்க்கும் யமுனாவைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். பெண்ணுக்கு ஊர் இலங்கை. மலைநாட்டில் டயகம என்ற தேயிலைத் தோட்டம். அப்பா இல்லை, அம்மா கொழுந்து பறிக்கிறார். நானோ லால்குடியில் பி.எட். படித்த பெண் ஒருத்தியைப் பார்த்து, பேச்சை முக்கால்வாசி முடித்து வைத்திருந்தேன்.

"யமுனாவுக்கு லீவு இல்ல. நீ நேர்ல போய் அவ அம்மாவைப் பாரும்மா. பார்த்துட்டு வேண்டாம்னு சொன்னா விட்டுடறேன்" என்றான் கடைசியில். இதைவிட எனக்கு என்ன வேண்டும்? போக வேண்டியது, நாலு குறை கண்டுபிடிக்க வேண்டியது, வந்து தலையை ஆட்ட வேண்டியது. குறை கண்டுபிடிப்பதில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். உறையூரில் இருபத்தெட்டு வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன்.

போனை வைக்கும்போது இன்னொன்றும் சொன்னான். பெண்ணின் அம்மாவுக்கும் பிடிக்க வேண்டுமாம். அவர் வேண்டாம் என்றால் யமுனா கட்டிக்கொள்ள மாட்டாளாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சொந்த வீடு, சொந்தக் கடை, ஒரே பிள்ளை. இந்த இடத்தை யார் வேண்டாம் என்பார்கள்?

விலாசம் கேட்டேன். 'எண் 17, கூரைச்சந்து, ஹட்டன்' என்று அனுப்பினான். வீடா என்றால், இல்லை, புடவைக் கடை என்றான். பெண் வீட்டு விலாசம் கேட்டால் கடை விலாசம் வருகிறது. ஒரு வீட்டுக்கு விலாசம்கூடவா இருக்காது? முதல் குறை உட்கார்ந்த இடத்திலேயே கிடைத்துவிட்டது.

என் வீட்டுக்காரர் டவுன் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவில் முப்பது வருஷம் ஓட்டினாரே தவிர, அதைத் தாண்டி எங்கும் போனதில்லை. இலங்கை என்றதும் என்னை முந்திக்கொண்டு பையைக் கட்டினார். குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். மலைப்பாதையில் பஸ் எப்படி ஓட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றார்.

கொழும்பிலிருந்து ரயிலில் கிளம்பினோம். எதிர் சீட்டில் ஒரு சிங்கள அம்மா. நல்ல களையான முகம். கண்டி மாதிரியில் சேலை கட்டி, தோளில் கொசுவம் வைத்த ஜாக்கெட் போட்டிருந்தார். நான் தமிழில் பேச, அவர் சிங்களத்தில் பேச, நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வடைக்காரர் ஒருவர் கூடையோடு வந்து "வடே, வடே" என்றார். மேலே முழு இறால் வைத்த பருப்பு வடை. என் வீட்டுக்காரர் நாலு வாங்கி, எனக்கு ஒன்று தந்து, மூன்றைத் தானே முடித்தார்.

அந்த அம்மாவின் ஜாக்கெட்டில் இடது கைக் கொசுவம் வலது கையைவிட ஒரு விரல்கடை முன்னால் இருந்தது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. பிரித்து எப்படித் தைக்க வேண்டும் என்று கையாலேயே காட்டிக்கொண்டிருந்தேன். அவரும் ஆர்வமாகக் கேட்டார். ஜன்னலுக்கு வெளியே மலையெல்லாம் தேயிலை, மேகம் கீழே கிடந்தது, ஏதோ ஓர் அருவிகூட வந்து போனது. எனக்குக் கொசுவம்தான் கண்ணில் இருந்தது. ஒருவழியாகப் பாடத்தை முடித்து, ஹட்டன் எப்போது வரும் என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன்.

"ஹட்டன் போயி ரொம்ப நேரமாச்சுங்களே" என்றார் அவர். "இனி நானுஓயாவுல எறங்குங்க. அங்கருந்து வேனு இருக்கு."

என் வீட்டுக்காரர் தூக்கத்திலிருந்து விழித்து, எல்லாம் உன் வாயால் வந்தது என்றார். அவர் அதைச் சொல்வது புதிதில்லை.

நானுஓயாவில் இறங்கியதும் குளிர் முகத்தில் அறைந்தது. ஸ்வெட்டரைப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். பிளாட்பாரத்திலேயே பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே அள்ளிப் போட்டுத் தேடினேன், நாலு பேர் நின்று பார்த்தார்கள். வேனில் ஏறி நுவரெலியா போய்ச் சேர்ந்து, ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். பாண் என்று ரொட்டியைக் கொண்டுவந்தார்கள். கூடப் பருப்பும், வெங்காயமும் மிளகாயும் இடித்த கட்டச்சம்பலும். சம்பலை வாயில் வைத்ததும் குளிர் போன இடம் தெரியவில்லை. இதை ஊரில் போட்டால் பிய்த்துக்கொண்டு போகும் என்று நினைத்துக்கொண்டேன். கூடவே, இங்கிருந்து எதையும் பாராட்டாமல் திரும்ப வேண்டும் என்பதும் ஞாபகம் வந்தது.

பிரபு போன் செய்தான். குரலே சரியில்லை.

"அத்தை லீவு போட்டுட்டு வந்து நாள் பூரா ஹட்டன்ல காத்திருந்தாங்கம்மா."

அதற்குள் அத்தையாம். எனக்கு வந்த கோபத்தில், அந்த அம்மாவைத் தோட்டத்திலேயே இருக்கச் சொல், நாங்கள் நேரே வீட்டுக்குப் போகிறோம் என்றேன். அது முடியாதாம். முதலில் கடையில்தானாம். மறுநாள் வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குக் கடையில் போய் உட்காருங்கள், அவர்கள் வருவார்கள் என்றான். அவர் போட்டோ இருந்தால் அனுப்பு என்றால், போட்டோ எடுக்கவே விட மாட்டாராம். நம் போட்டோவை மட்டும் அனுப்பிவிட்டானாம். இதுவும் ஒரு குறை என்று கணக்கில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஹட்டன் பஸ். என் வீட்டுக்காரர் டிரைவருக்குப் பின் சீட்டைப் பிடித்துக்கொண்டார். ரோடு மலையைச் சுற்றிச் சுற்றி இறங்குகிறது. ஒவ்வொரு வளைவையும் இங்கே முடக்கு என்கிறார்கள். கண்டக்டர் ஊர்ப்பெயரைவிட முடக்குப் பெயரைத்தான் அதிகம் கத்துகிறார். ஒரு பக்கம் சரிவில் பெண்கள் வரிசையாக நின்று கொழுந்து பறிக்கிறார்கள், இன்னொரு பக்கம் பள்ளம். பள்ளத்தைப் பார்க்காமல் நான் கண்ணை மூடிக்கொண்டேன். "ஹார்னைத் தொடாம அடிச்சு வளைக்கிறான் பாரு, ஆளு மன்னன்" என்று அவர் என் முழங்கையை இடித்துக்கொண்டே வந்தார்.

இந்தப் பயணத்தில் எனக்குப் பெரிய ஆச்சரியம் பேச்சு. இலங்கைத் தமிழ் என்றால் டிவியில் கேட்ட யாழ்ப்பாணப் பேச்சுதான் எனக்குத் தெரியும். இங்கே பஸ்ஸில் பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள், "நாங்க போறோம், அவங்க வர்றாங்க" என்று பேசிக்கொண்டு வந்தார்கள். எங்கள் மணப்பாறைப் பக்கத்து மினி பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. நடுநடுவே ஒரு சிங்களச் சொல் விழும்போதுதான் வேற்று நாடு என்று உறைத்தது. அடைபட்டிருந்த என் வாய் திறந்துகொண்டது அங்கேதான்.

ஹட்டனில் பெரிய ரோட்டிலிருந்து பார்த்தால் கூரைச்சந்து இருப்பதே தெரியாது. மருந்துக் கடைக்கும் நகைக் கடைக்கும் நடுவில் வாசல் மாதிரி ஒரு இடைவெளி. உள்ளே நுழைந்தால் நூறடிக்குக் குறையாத நீளம். ஊரே சரிவில் இருப்பதால் சந்தும் படிப்படியாகக் கீழே இறங்கி, மறுபக்கம் பஸ் ஸ்டாண்டில் போய் முட்டுகிறது. இரண்டு பக்கமும் இரும்புத் தூண்கள். மேலே தகரக் கூரை, அதன் நடுவே நீளவாக்கில் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். அதன் வழியாக வெளிச்சம் பால் மாதிரி இறங்குகிறது. கடைகளுக்கு இன்னும் நம்பர் போட்ட பலகைக் கதவுகள். காலையில் ஒவ்வொரு பலகையாகக் கழற்றி அடுக்குகிறார்கள்.

எங்கள் சிங்காரத்தோப்பில் துணி வாங்கப் போனால் வெயில் மண்டையைப் பிளக்கும். மழை வந்தால் கடைக்காரன் தார்ப்பாயை இழுத்துவிட்டு நம்மை வெளியே நிறுத்திவிடுவான். இங்கே நான் நுழைந்த ஐந்தாவது நிமிஷம் மழை கொட்டியது. தகரத்தில் தடதடவென்று சத்தம், ஆனால் ஒருவர் தலைமேலும் ஒரு சொட்டு இல்லை. சத்தத்தில் பேரம் கேட்காது என்பதால் மழை நிற்கும்வரை பேரமும் நின்றுவிடுகிறது. எல்லோரும் அப்படி அப்படியே நின்று டீ குடிக்கிறார்கள்.

பதினேழாம் நம்பர் கடை நடுவில் இருந்தது. முதலாளி நஜீம், அறுபது வயதிருக்கும், வெள்ளைத் தொப்பி. எல்லோரும் நானா என்றுதான் கூப்பிட்டார்கள், அண்ணன் என்று அர்த்தமாம். எங்களைக் கண்டதும், "வாங்க தங்கச்சி, நேத்தே வருவீங்கன்னு பாத்தேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு இஞ்சி போட்ட ப்ளேன்டீ வரவழைத்தார். பால் கிடையாது, சீனியைக் கையில் வைத்துக்கொண்டு நக்கி நக்கிக் குடிக்க வேண்டும். முதல் வாயில் முகம் சுளித்தேன், மூன்றாவது டம்ளரில் பழகிவிட்டது.

இந்தக் கூரையைப் போட்டது வெள்ளைக்காரர்கள் என்றார் நானா. துரைமார் வீட்டுப் பெண்கள் நனையாமல் சாமான் வாங்க வேண்டுமே என்று போட்டார்களாம். தோட்டத்து ஜனங்கள் அந்தக் காலத்தில் வெளியே மழையில் நின்றுதான் வாங்க வேண்டும். "இப்ப பாருங்க, துரைசாணி ஒருத்தரும் இல்ல, எங்க ஆளுங்கதான் நடுவுல நடக்கிறாங்க" என்று சிரித்தார். உண்மைதான், சந்து முழுக்கத் தோட்டத்துப் பெண்கள். குடைக் கடை, ஸ்வெட்டர்க் கடை, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குத் துணி விற்கும் கடை என்று ஒன்றுவிடாமல் நான் ஏறி இறங்கினேன். நானாவின் கடை மூலையில் ஒரு இருபது பை கிடந்தது. பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் பையை இங்கே போட்டுவிட்டுச் சந்தைச் சுற்றுகிறார்கள். சீட்டு இல்லை, டோக்கன் இல்லை. பையைப் பார்த்தே யாருடையது என்று அவருக்குத் தெரிகிறது. சுவரில் புறாக்கூண்டு மாதிரி ஒரு மரப்பெட்டி, அறை அறையாகக் கடிதங்கள். அது எதற்கு என்று கேட்க நினைத்து மறந்துவிட்டேன்.

கடை முகப்பில் ஒரு தையல் மிஷின் இருந்தது. டெய்லர் அன்று லீவு. நான் போய் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தேன். என்ன அருமையாக ஓடியது தெரியுமா, நம் ஊரில் எண்ணெய் போடாமல் கொன்றுவிடுகிறார்கள். மதியம் பாங்கு சொன்னதும் நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"ஜும்ஆத் தொழுகைக்குப் போயிட்டு வாறேன் தங்கச்சி. கடையப் பாத்துக்குங்க" என்றார். நான் இந்தியாவிலிருந்து வந்தவள், இந்தச் சந்துக்குள் இன்று காலைதான் நுழைந்தவள் என்பதை அவருக்கு ஞாபகப்படுத்தினேன். அதனால் என்ன, நீங்களும் கடைக்காரர்தானே என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். சந்தில் முக்கால்வாசிக் கடைக்காரர்கள் அப்படித்தான் பக்கத்தில் இருந்தவர்களிடம் கடையை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரர் அதற்கு முன்பே பஸ் பார்க்கப் போய்விட்டார். ஆக, ஹட்டன் கூரைச்சந்தில் பதினேழாம் நம்பருக்கு நான் முதலாளி.

வந்த மகராசிகளை நான் சும்மா அனுப்பவில்லை. ஒரு பாவாடைத் துணி, இரண்டு துண்டு விற்றேன். மூன்றாவதாக ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும், பச்சைச் சேலை, மேலே பழுப்பு ஸ்வெட்டர். கையில் மடித்த புது ஜாக்கெட் ஒன்று. ஹூக் வாங்க வந்தேன் என்றவர், "கை சரியா வந்திருக்கான்னு பாருங்களேன் அக்கா" என்று ஜாக்கெட்டை நீட்டினார்.

சரியாவா? கைக்குழியை அளவுக்கு மேல் இறக்கி வெட்டியிருந்தது. கையை மேலே தூக்கினால் இடுப்பே தெரியும். யார் தைத்தது என்றேன். "நான்தான், கையாலேயே தச்சேன்" என்றார். தையலில் குறை இல்லை, எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரே சீராக இருந்தது. வெட்டுதான் தப்பு. அதை அப்படியே சொல்லி, இப்படியும் ஒருத்தி துணியை வெட்டுவாளா என்று திட்டி, கொடுங்கள் இங்கே என்று வாங்கி, மிஷினில் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்துவிட்டேன். அவர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

எங்கிருந்து வருகிறீர்கள், என்ன விஷயம் என்று கேட்டார். இரண்டு நாளாக ஒரு பெண்ணோடு உட்கார்ந்து மனசுவிட்டுப் பேசவில்லை. முன்பின் தெரியாத அம்மா, எங்கள் ஊர்ப் பேச்சு, அரைமணியில் எழுந்து போய்விடப் போகிறவர். எல்லாவற்றையும் கொட்டினேன்.

"பொண்ணு பாக்க வந்தீங்களா அக்கா?"

"பார்க்க எங்க? வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன்."

ஏன் என்று கேட்டார். நான் அடுக்கினேன். கடல் தாண்டி ஒரு சம்பந்தம் தேவையா? கொழுந்து பறிக்கிற குடும்பம். சொல்லிக்கொள்ள ஒரு வீட்டு விலாசம்கூடக் கிடையாது, கடை விலாசத்தைக் கொடுக்கிறார்கள். நாளைக்குப் பேரப்பிள்ளை பிறந்து, அம்மா பிறந்த வீடு எது என்று கேட்டால் இந்தப் புடவைக் கடையையா காட்டுவது? இதைச் சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

உங்கள் மகன் குடிப்பாரா என்று கேட்டார். தொடமாட்டான் என்றேன். கோபம் வருமா என்றார். என் கோபத்தில் கால்வாசிகூட இல்லை, அப்பாவைக் கொண்டு பிறந்திருக்கிறான் என்றேன். பெண்ணைப் பார்த்தீர்களா என்றார். போட்டோவில் பார்த்தேன், லட்சணமாகத்தான் இருக்கிறாள், அதில் குறை சொல்ல முடியவில்லை என்று ஒப்புக்கொண்டேன். கைக்கு ஒட்டுத் துணி வைத்துத் தைத்து, ஹூக்கும் வைத்து ஜாக்கெட்டைக் கொடுத்தேன். அவர் அதைத் தடவிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு அக்கா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

நானா பள்ளிவாசலிலிருந்து வந்தார். இரண்டு மணி ஆனது, இரண்டேகால் ஆனது. நேற்று நாங்கள் வரவில்லை என்று குறைப்பட்டவர்கள் இன்று எங்களைக் காக்க வைக்கிறார்களே, எப்போதுதான் வருவார்கள் என்று கேட்டேன். அவர் துணியை மடித்துக்கொண்டே சொன்னார்.

"வந்து பாத்துட்டுப் போயாச்சு தங்கச்சி. நான் வரும்போது எதுத்தாப்புல பச்சைச் சேலையோட போனதுதானே லெட்சுமி. யமுனாட அம்மா."

பச்சைச் சேலையா என்று எழுந்தே விட்டேன்.

நானா பதறாமல் விளக்கினார். தோட்டத்தில் வீடெல்லாம் லயம். ஒரே கூரை, வரிசையாகப் பத்து வீடு, நடுவில் ஒரு சுவர். இந்த வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். மாப்பிள்ளை வீட்டார் நேரே லயத்துக்கு வந்து, பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால், சாயங்காலத்துக்குள் தோட்டத்துக்கே தெரிந்துவிடும். பெண் வெளியே தலைகாட்ட முடியாது. அதனால் முதல் பார்வை இந்தக் கூரைக்குக் கீழேதான். பெண் வீட்டார் யார் என்று காட்டிக்கொள்ளாமல் வந்து, பேசிப் பார்ப்பார்கள். பிடித்தால் வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். பிடிக்காவிட்டால் சாமான் வாங்கின மாதிரி பஸ் ஏறிப் போய்விடுவார்கள், யாருக்கும் எதுவும் தெரியாது. நான் தையல்காரி என்று பிரபு சொல்லியிருந்ததால்தான் ஜாக்கெட்டோடு வந்திருக்கிறார்.

"கூப்பிட்டாங்களா?" என்று கேட்டார் நானா.

நான் என்னவெல்லாம் சொன்னேன் என்று அவரிடம் சொன்னேன். விலாசத்தைப் பற்றிச் சொன்னது வந்ததும் அவர் முகம் மாறியது. எழுந்து போய் அந்த மரப்பெட்டியைக் காட்டினார். தோட்டத்தில் கடிதமெல்லாம் ஒரே கட்டாக ஆபீசுக்குப் போகுமாம். வீட்டுக்கு வீடு நம்பர் கிடையாது, ஒரே பெயரில் ஆறு பேர் இருப்பார்கள், கைமாறிக் கைமாறி எப்போதோ வந்து சேரும். யமுனாவுக்கு முதலில் வந்த ஒரு வேலைக் கடிதம், தேதி முடிந்து ஒன்பது நாள் கழித்துத்தான் கையில் கிடைத்ததாம். அதன் பிறகு லெட்சுமி இங்கே வந்து நின்று, உங்கள் கடை நம்பரைப் போட்டுக்கொள்ளட்டுமா நானா என்று கேட்டிருக்கிறார். கத்தார் கடிதம் அந்தப் பெட்டிக்குத்தான் வந்தது. அந்தக் கடிதம் வராவிட்டால் என் பையன் அவளைப் பார்த்திருக்கவே மாட்டான்.

வெட்கமாக இருந்தது எனக்கு. வேண்டாம் என்று சொல்ல வந்தவளுக்கே இப்போது அந்த வார்த்தை வந்துவிடப் போகிறது. ஒரே பிள்ளை. அவன் இரண்டு வருஷமாக ஆசை வைத்திருக்கிறான். அதை அரைமணி நேரத்தில் என் வாயாலேயே கெடுத்துவிட்டேன். லால்குடிப் பெண் என் நினைவுக்கே வரவில்லை.

டயகம பஸ் எப்போது என்று கேட்டேன். மூன்று மணிக்கு என்றார். பின்னாலேயே போகக் கூடாது, அது வழக்கமில்லை என்றும் சொன்னார். வழக்கத்தை நீங்கள் பாருங்கள் நானா, நான் போகிறேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினேன். ஐம்பத்தாறு வயதில் அப்படி ஓடியது இல்லை. ஒரு குடைக் கடைக்காரர் வழிவிடுவதற்காகத் தன் குடைகளையே தள்ளிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் டயகம போர்டு போட்ட சிவப்பு பஸ் நின்றது. ஏறினால், டிரைவர் பக்கத்தில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்து கியரைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறார். "இது டயகம போற வண்டிதான், வா" என்றார், என்னவோ சொல்லிவைத்த மாதிரி. நாலாவது சீட்டில் ஜன்னலோரம் லெட்சுமி. மடியில் அந்த ஜாக்கெட். பக்கத்து சீட்டு காலி. போய் உட்கார்ந்தேன்.

"தப்பா பேசிட்டேன் லெட்சுமி. மன்னிச்சுக்குங்க" என்றேன்.

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் கிளம்பிவிட்டது. இரண்டு முடக்கு தாண்டியதும் முன் சீட்டுக்குக் கேட்காதபடி சொன்னார்.

"வலிச்சுச்சு அக்கா. யாருன்னு தெரியாமதான் சொன்னீங்க. ஆனா மனசுல இருந்ததைத்தானே சொன்னீங்க."

ஆமாம் என்றேன். இல்லை என்று சொல்லி என்ன பிரயோஜனம்?

"இப்ப என்ன இருக்கு மனசுல?"

"நீங்க வேண்டாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயம் இருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

அவர் என்னை முழுசாகத் திரும்பிப் பார்த்தது அப்போதுதான். கொழுந்து பறித்துப் பறித்து விரலெல்லாம் கறை ஏறிக் கறுத்திருந்தது. அந்த விரலோடு அவ்வளவு சன்னமாக அந்த ஜாக்கெட்டைத் தைத்திருக்கிறார்.

"அடுத்தாப்புல கொட்டகலை வரும்" என்றார். "திரும்பிப் போக அங்க பஸ் இருக்கு. வேண்டாம்னு கொஞ்சமாச்சும் நெனப்பு இருந்தா அங்கயே எறங்கிடுங்க அக்கா. வாசல்ல வந்து நின்னு வேண்டாம்னு சொல்லிடாதீங்க. என் மக அதுக்கப்புறம் நிமிர முடியாது."

இறங்க மாட்டேன் என்றேன். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லையே என்றார். அதற்கும் பரவாயில்லை, உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். கொட்டகலை வந்தது. பாதிப் பேர் இறங்கினார்கள், பாதிப் பேர் ஏறினார்கள். நான் முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, எங்கே இறங்க வேண்டும் என்று கண்ணாலேயே கேட்டார். எனக்கு எங்கே தெரியும்? பஸ் மறுபடி கிளம்பியது.

"என் மகளைத் திட்டுவீங்களா?" என்றார் லெட்சுமி திடீரென்று.

இந்த இடத்தில் பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். "திட்டுவேன்" என்றேன். "எல்லாரையும் திட்டுவேன். ஆனா மூஞ்சிக்கு நேரா திட்டுவேன், முதுகுக்குப் பின்னால பேச மாட்டேன்."

"அது தெரியுது. முதல்லயே நேரா பேசிட்டீங்களே" என்றார். அவர் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்ததா, பஸ் குலுக்கலா என்று எனக்குப் புரியவில்லை.

கண்டக்டர் டிக்கெட் போட்டுக்கொண்டே வந்தார். பஸ்ஸில் ஏறிய எல்லோரையும் அவருக்குத் தெரிந்திருந்தது. யார் பிள்ளைக்குக் காய்ச்சல், யார் வீட்டில் விசேஷம் என்று விசாரித்துக்கொண்டே வந்தவர், எங்கள் சீட்டில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெட்டியையும் பார்த்தார்.

"எங்கங்க போகணும்?" என்றார்.

நான் லெட்சுமியைப் பார்த்தேன். அவர் மடியில் இருந்த ஜாக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"கோயில் முடக்கு. மூணு பேரு" என்றார்.

"புது ஆளுங்களா இருக்காங்களே. யாரு லெட்சுமிக்கா?"

முன் சீட்டில் பேச்சு நின்றது. பின் சீட்டிலும் நின்றது. பஸ்ஸில் பாதிப் பேர் அதே தோட்டம். லெட்சுமி குரலைத் தாழ்த்தவில்லை.

"என் மக யமுனாவோட மாமியாரு. அந்தா முன்னால ஒக்காந்திருக்காரே, அவரு மாமனாரு."

பஸ்ஸில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. நான் சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு, அவர்கள் நன்றாகப் பார்க்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.